ஏலம் போகாத கீரைக் கூடை

1

நாங்கள் வசிக்கும் ஜெர்மானியச் சிற்றூரில் அக்டோபர் மாதம் அறுவடைக்கு நன்றி சொல்லும் ஆராதனை நடக்கும். பீடத்தின் முன்னால் பரங்கிக்காய், முட்டைக்கோஸ், கோதுமைக் கதிர்க்கட்டு, ஆப்பிள் எல்லாம் அடுக்கி வைப்பார்கள். எங்கள் தெருவில் இருக்கும் முதியவர் ஒருவர் தன் தோட்டத்து பீட்ரூட்டை மண்கூட உதறாமல் கொண்டுவந்து வைப்பார். மற்றவர்கள் கடையில் வாங்கி வைப்போம்.

இந்த வருடம் சபை அலுவலகத்துப் பெண்மணி தொலைபேசியில் அழைத்து, நான் என்ன கொண்டுவரப் போகிறேன் என்று கேட்டார். முன்கூட்டியே தெரிந்தால்தான் மேசையில் இடம் ஒதுக்க முடியுமாம். நான் "ஒன்றுமில்லை" என்றேன். இத்தனை வருடம் ஆகியும் இந்த மொழியில் மென்மையாக மறுக்க எனக்கு வராது. ஒரு வாக்கியத்தை நீட்டி, நடுவில் ஒரு வருத்தத்தைச் செருகி, கடைசியில் வினைச்சொல்லைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அதற்குள் பாதி வார்த்தை மறந்துவிடும். நான் கோபமாக இருக்கிறேன் என்று அவர் நினைத்திருப்பார்.

கோபம் இல்லை. சென்ற வருடம் கோவிலம்பாக்கத்தில் ஒரு அறுப்பின் பண்டிகை ஏலத்தில் நான் வாயைத் திறந்தேன். அதற்குப் பிறகு, காணிக்கையாக வைத்த காய்கறியின் பக்கமே நான் போவதில்லை.

2

நான் தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அங்கே பள்ளி ஆசிரியர். நானும் குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்தினேன். கணவர் மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் இருந்தார். நிறுவனம் அவரை இங்கே மாற்றியபோது எங்கள் மகள் மிரியம் கைக்குழந்தை. இப்போது அவளுக்குப் பதினாறு வயது. என் முதுகலைப் பட்டம் ஒரு பட்டம்தான் என்று இந்த நாட்டை ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். மொழிபெயர்ப்புக்கு ஒரு முத்திரை, அந்த முத்திரை செல்லும் என்பதற்கு இன்னொரு முத்திரை. கடைசியில் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது.

மிளகாய் வரும், திராட்சை வரும், கீரை வரும். எண் ஒட்டி, உறையவைத்து, அரைத்து, எடைபோட்டு, கரைப்பானில் குலுக்கி, தெளிந்ததை இயந்திரத்தில் வைப்பேன். மேலாளர் பிரிகிட்டே முதல் வாரத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட்டார். மாதிரி கைக்கு வந்து சோதனை முடியும்வரை இந்த அறையில் யாரும் அபிப்பிராயம் சொல்வதில்லை. ஒருநாள் ஒரு மிளகாய்ப் பெட்டியைப் பார்த்ததும் நான், "இது நிச்சயம் தேறாது" என்றேன். பிரிகிட்டே பெட்டியை என் கையிலிருந்து வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார். அது நம் நாட்டிலிருந்து வந்த பெட்டி.

இந்த வேலை எனக்குச் சம்பளத்தோடு பயத்தையும் கொடுத்தது. திராட்சையை உப்புத் தண்ணீரில் ஊறவைப்பேன், கழுவுவேன், மறுபடி ஊறவைப்பேன். இதற்கு நடுவில் மிரியம் இறைச்சி, முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். மாடுகளுக்காக, பூமிக்காக என்றாள். அவள் சொன்ன காரணங்களில் எனக்குத் தகராறு இல்லை. அவள் ரத்தத்தில் இரும்புச்சத்து இருக்கிறதா என்றுதான் கவலை. அவள் சாப்பிடாததை நினைத்து ஒரு பயம், சாப்பிடுவதை நினைத்து இன்னொரு பயம். இவை என்னோடு விமானத்தில் ஏறி வந்தன.

3

சென்ற வருட இலையுதிர்கால விடுமுறையில் மிரியத்தை அழைத்துக்கொண்டு தம்பி டேனியல் வீட்டுக்குப் போனேன். கோவிலம்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு. அவன் வீட்டுப் பால்கனியில் நின்றால் எதிரே பாத்தி பாத்தியாக ஒரு கீரைக்கொல்லை தெரியும். அதன் ஓரமாக ஒரு மழைநீர்க் கால்வாய். மழையே பெய்யாத நாளிலும் அதில் தண்ணீர் ஓடும். கறுப்பாக ஓடும். கட்டிடத்தை விற்றவர்கள் விளம்பரத்தில் 'பசுமைக் காட்சி' என்று போட்டிருந்தார்களாம். டேனியலும் விருந்தினர் வந்தால் முதலில் பால்கனிக்குத்தான் அழைத்துப்போவான்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. வயல் வைத்திருந்த சபையார் முதல் விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுவந்த காலத்தில் ஏற்பட்ட வழக்கம் இது. இப்போது சபையில் இருப்பவர்கள் ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், கணினி வேலைக்காரர்கள். யாருக்கும் நிலம் கிடையாது. அதனால் கடையில் காய்கறி வாங்கிக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் பந்தலில் அதை ஏலம் விடுவார்கள். கொண்டுவந்தவர்களே போட்டி போட்டுக் கேட்டு வாங்கிப் போவார்கள். அந்தப் பணம் தர்ம காரியங்களுக்குப் போகும். சின்ன வயதிலிருந்து பார்த்ததால் எனக்கு இதில் எதுவும் விசித்திரமாகத் தெரிந்ததில்லை.

மிரியம்தான் கேட்டாள். "மாமா, இதுல யாரு விவசாயி?"

டேனியல் பந்தலை ஒரு சுற்றுப் பார்த்தான். "அதோ, சலோமி அக்கா. நம்ம பால்கனியிலேர்ந்து தெரியுதே, அந்தக் கொல்லை அவங்க குத்தகைக்கு எடுத்ததுதான். வாரா வாரம் சர்ச் வாசல்ல கீரை விப்பாங்க."

தூண் ஓரமாக ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் நின்றிருந்தார். காலடியில் ஒரு கூடை. அதில் அரைக்கீரையும் சிறுகீரையும் கட்டுக் கட்டாக, அன்று காலை வெட்டியது, தண்டில் ஈரம் காயவில்லை.

ஏலம் விட்டவர் ஞானையா சார், ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். ஒலிபெருக்கி அவருக்குத் தேவையே இல்லை. ஒரு பரங்கிக்காயைத் தூக்கி, "இந்தப் புள்ளைக்கு பல்லாவரம் சந்தையில ஒரு அம்மா, இங்க கொண்டாந்தவங்க ரெண்டாவது அம்மா. மூணாவது அம்மா யாருன்னு சீக்கிரம் சொல்லுங்க, புள்ள பசியில அழுவுது" என்றார். கேக் வந்தபோது, "சர்க்கரை இருக்கிறவங்க கையத் தூக்கக்கூடாது, நான் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பிறகு சலோமி அக்காவின் கூடையை மேசைமேல் வைத்தார். "இதான்யா நெஜ அறுப்பு. மத்ததெல்லாம் பில் போட்டு வாங்கினது. இது வெட்டினது. கேளுங்க."

மிரியம் கையை உயர்த்தினாள். முதல் கை அவளுடையதுதான். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. வளர்த்தவர் கையாலேயே கொண்டுவந்த ஒன்றை அன்று முழுவதும் அவள் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அந்தக் கால்வாய்தான் நினைவுக்கு வந்தது. போன முறை ஊருக்கு வந்தபோது அவள் வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தது நினைவுக்கு வந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

"வேண்டாம் மிரியம். அது சாக்கடைத் தண்ணியில வளர்ற கீரை."

நான் வகுப்பு நடத்தியவள். என் குரல் கடைசி பெஞ்சுவரை போகும். ஞானையா சார் மூச்சு வாங்குவதற்காக நிறுத்திய நேரம் அது. முன்வரிசையில் இருந்த ஒரு ஆன்ட்டி திரும்பினார்.

"நெஜமாவா ஹெப்சி? நாங்க வாரா வாரம் வாங்குறோமே."

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். "நான் ஜெர்மனியில லேப்ல இதத்தான் ஆன்ட்டி பாக்கறேன். இந்த மாதிரி தண்ணியில ஈயம், காட்மியம் எல்லாம் இருக்கும். எலையில ஏறிடும். கழுவினாலும் போகாது" என்றேன்.

புத்தகத்தில் இருப்பதைத்தான் சொன்னேன். ஆனால் அந்தக் கீரையை நான் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் உலோகம் பார்ப்பதே இல்லை. அதற்கு வேறு கட்டிடம், வேறு ஆட்கள்.

முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குத் தலைகள் சாய்ந்து சாய்ந்து விஷயம் போனதைப் பார்த்தேன். ஞானையா சார், "ஒரு கூடை கீரை. கேளுங்க" என்றார். யாரும் கேட்கவில்லை. "சும்மா கேளுங்கய்யா." அதற்கும் யாரும் கேட்கவில்லை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, கீரைய அப்பறம் பாத்துக்கலாம். அடுத்து சேவல்" என்று கூடையை மேசைக்கு அடியில் தள்ளினார்.

சலோமி அக்கா தூண் ஓரத்திலேயே நின்றார். காணிக்கையாகக் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகும் வழக்கம் கிடையாது. எல்லோரும் சாப்பிடப் போனபோதும் அந்தக் கூடை மேசைக்கு அடியிலேயே இருந்தது. வெயிலில் இலைகள் துவண்டு கூடை விளிம்பில் தொங்கின.

"கீரை செத்துப்போச்சு" என்றாள் மிரியம்.

"செத்துப்போச்சுன்னு சொல்லக்கூடாது. வாடிப்போச்சு" என்று திருத்தினேன். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் தோன்றியது.

4

"நீங்க பொய் சொன்னீங்க" என்றாள் மிரியம், வீட்டுக்கு வந்ததும்.

"பொய் இல்ல. அந்தக் கால்வாய நீயும்தான் பாத்த."

"நீங்க டெஸ்ட் பண்ணல. அப்போ பொய்."

அவளிடம் இருப்பது அவள் குழந்தையாக இருந்தபோது நான் கற்றுக்கொடுத்த தமிழ். நிஜம், பொய், நல்லது, கெட்டது. இடையில் நிற்கும் சொற்களை நான் கொடுக்கவில்லை. பெரியவர்களிடம் இப்படிப் பேசக்கூடாது என்று அதட்டினேன். அவள் ஜெர்மன் மொழிக்கு மாறி வேகமாகப் பேச ஆரம்பித்தாள். என்னால் பாதியைத்தான் பின்தொடர முடிந்தது.

மறுநாள் மாலை இருவரும் கொல்லைக்குப் போனோம். மன்னிப்புக் கேட்கப் போகிறோம் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். என் கைப்பையில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகள் இருந்தன. மாதிரி எடுத்துப்போய்ச் சோதித்துவிட்டால் நான் சொன்னது சரி என்று ஆகிவிடும் என்ற எண்ணம். பூச்சிமருந்தை நானே பார்த்துவிடலாம், உலோகத்துக்கு அடுத்த கட்டிடத்தில் தெரிந்தவர் இருக்கிறார்.

சலோமி அக்கா பாத்தியில் குந்தியிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வாம்மா டாக்டரு. பாத்து வா, சாக்கடையில கால வச்சிரப் போற."

"அக்கா, நேத்து நான்..."

"நேத்து போச்சு. இன்னிக்கி இன்னா வோணும்?"

மிரியம் முன்னால் போய் நின்றாள். "சாரி ஆன்ட்டி. அம்மா டெஸ்ட் பண்ணாம சொல்லிட்டாங்க."

சலோமி அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அட, தமிழ் பேசுதே இது. நிக்கிறத பாத்து வெள்ளக்காரின்னு நெனச்சிகினு இருந்தேன்." சிரித்தார்.

"மருந்து அடிப்பீங்களா ஆன்ட்டி?"

"அடிக்காம? எலையில ஒரு ஓட்ட இருந்தா உங்க சர்ச்சு அம்மாங்க கட்ட திருப்பிக் குடுத்துடுறாங்க. ஓட்டையும் இருக்கக்கூடாது, மருந்தும் இருக்கக்கூடாதுன்னா நான் இன்னா, புழுவாண்ட போயி கையெடுத்துக் கும்பிடவா?"

"தண்ணி எங்கேர்ந்து பாய்ச்சறீங்க?" என்று நான் கேட்டேன். என் குரலில் பரிசோதகர் தொனி வந்துவிட்டது எனக்கே கேட்டது.

"கெணறு. அதோ. மழையில கால்வா பொங்குனா இங்க வந்துகினு கெடக்கும். நானா அதுக்கு பத்திரிக வச்சி கூப்ட்டேன்? ரெண்டு மூணு நாளு வெட்டாம வுட்ருவேன். அவ்ளோதான் என்னால ஆவும்." அரிவாளைக் கீழே வைத்தார். "எடத்துக்காரரு வேற, முடியலன்னா சொல்லு, பிளாட்டு போட ஆளு ரெடியா கீறான்றாரு. சர்ச்சு வாசல்ல விக்கிறத வச்சிதான் குத்தகைய ஓட்டிகினு கீறேன். நேத்து ஏலம் முடிஞ்சி வாசல்ல உக்காந்தேன். ஒரு கட்டு போவல."

நான் இரண்டு கட்டு கேட்டேன். அவர் நான்கு கொடுத்தார். "ரெண்டு பாப்பாவுக்கு. அதுக்குக் காசு வோணாம்."

நாங்கள் திரும்பும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார். "ஹெப்சி, பையில போடாத. கையில வெளிய தெரியற மாரி எடுத்துகினு போ. டாக்டரம்மாவே வாங்கிகினு போறான்னு உங்க பிளாட்டு ஆளுங்க பாக்கட்டும்."

நான் சமாதானத்துக்கு வந்ததாக அவர் நினைத்திருந்தார்.

மிரியம் தன் இரண்டு கட்டுகளையும் பூங்கொத்துபோல நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தாள். குடியிருப்பு வாசல், காவலாளி, மாடிப்படி, எதிரே வந்தவர்கள் எல்லோரையும் கடந்து அப்படியே போனாள். நான் கொல்லையைத் தாண்டியதும் என்னுடைய இரண்டையும் பிளாஸ்டிக் பைகளில் போட்டு, ஜிப்பை இழுத்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

5

மிரியம் தன் கீரையை மாமாவோடு சேர்ந்து கடைந்து சாப்பிட்டாள். நான் தடுக்கவில்லை. அவள் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் எதுவும் நிரூபணம் ஆகாது, ஆனாலும் சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

என் பைகளை நான் உறைபெட்டியில் வைத்ததை டேனியல் பார்த்துவிட்டான்.

"என்னக்கா, சாட்சிப் பொருளா?"

"லேபுக்குக் கொண்டு போறேன். உண்மை தெரியணும் இல்ல."

"தெரிஞ்சு?"

"அந்தக் கால்வாய்த் தண்ணி எப்படி இருக்கு பாத்தியா டேனி? அதை ஒட்டி கீரை போடலாமா?"

அவன் குளிர்பதனப் பெட்டிக் கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றான். "அக்கா, அதுல என்ன ஓடுதுன்னு நெனச்ச?"

"சுத்தியிருக்கிறவங்க விடற கழிவு."

"சுத்தியிருக்கிறவங்கன்னா யாரு?"

எனக்கு உடனே புரியவில்லை. அவன்தான் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். பாதாளச் சாக்கடை இணைப்பு அவர்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை. கழிவுநீர்த் தொட்டி அடிக்கடி நிரம்பும். லாரி சொன்ன நேரத்துக்கு வராது, வந்தால் செலவு கட்டுப்படியாகாது. அதனால் தொட்டியிலிருந்து ஒரு குழாய் போட்டுக் கால்வாயில் சேர்த்துவிடலாம் என்று சங்கக் கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறார்கள். நின்று குழாய் போட்டு முடித்தவன் என் தம்பி.

"காலையில நீ குளிச்ச தண்ணியும் அங்கதான் போச்சு" என்றான். "முன்வரிசையில கேட்டாங்களே ஆன்ட்டி, அவங்க நாலாவது மாடி."

"இது தெரிஞ்சுதான் அன்னிக்கி நீ சும்மா இருந்தியா?"

"நீ வாயத் தொறப்பேன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? யார்கிட்டயும் சொல்லாத. சர்ச்சுல பாதிப் பேரு இந்த அபார்ட்மென்ட். மீதிப் பேரு அவங்கவங்க அபார்ட்மென்ட்ல இதையேதான் பண்றாங்க."

குழாயைப் பற்றி மட்டும் மிரியத்திடம் சொன்னேன். ஊர் திரும்புவதற்கு முன் இன்னொரு ஞாயிறு இருந்தது. ஆராதனை முடிவில் ஆயர், "வேறு அறிவிப்புகள் உண்டா?" என்று கேட்டார். எழுந்து நின்று சொல்ல எனக்கு இரண்டு வாக்கியம் போதும். மிரியம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது வாசலில் சலோமி அக்கா கூடையோடு உட்கார்ந்திருந்தார். பெண்கள் அந்த இடம் வந்ததும் கைப்பேசியைப் பார்த்தபடி விலகிப் போனார்கள். நானும் அப்படித்தான் போய் காரில் ஏறினேன்.

மாமாவைக் காட்டிக்கொடுக்க முடியாது என்று மிரியத்திடம் சொன்னேன். அது பாதிக் காரணம்தான்.

6

மீதிப் பாதியை இப்போது எழுதுகிறேன்.

விமானத்தில் மிரியம் தூங்கிவிட்டாள். நான் ஜெபம் செய்தேன். அந்தக் கீரையில் விஷம் இருக்க வேண்டும் என்று ஜெபம் செய்தேன். வார்த்தைகள் அப்படி இல்லை. 'உண்மை வெளிப்படட்டும் ஆண்டவரே' என்றுதான் முணுமுணுத்தேன். எந்த உண்மையை வேண்டினேன் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். என் மகள் சாப்பிட்ட அதே கீரை அது. விஷம் இருந்தால் அது எங்கள் குழாயிலிருந்து போனதாகக்கூட இருக்கலாம். இவ்வளவும் தெரிந்திருந்தும், நான் சொன்னது தப்பில்லை என்று ஒரு இயந்திரம் எழுதிக் கொடுத்தால் போதும் என்றிருந்தது.

விமான நிலையத்தில் சுங்கத்துறைப் பெண் அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். பைகளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இருக்கிறதா என்றார். இல்லை. சாப்பிடுவதற்கா என்றார்.

"இல்லை. சோதிப்பதற்கு."

"யாருக்காக?"

நான் பெட்டியின் ஜிப்பை மூட ஆரம்பித்தேன். அவர் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இரண்டு பைகளையும் மூடியுள்ள ஒரு தொட்டியில் போட்டார். உள்ளே எதன்மீதோ விழுந்த சத்தம் கேட்டது. மிரியம் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நீங்க சாப்பிட வாங்கலயா?" என்றாள்.

வீட்டுக்கு வரும் ரயிலில் அவள் வேறு வரிசையில் போய் உட்கார்ந்தாள். முன்பெல்லாம் நான் கடையிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும் இது எந்த ஊர், யார் பறித்தது, விமானத்தில் வந்ததா கப்பலில் வந்ததா என்று கேட்டு உயிரை எடுப்பாள். அந்தக் கேள்விகள் நின்றுவிட்டன. தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்கிறாள். அவசியம் என்றால் மட்டும் என்னிடம் தமிழில் பேசுகிறாள். அவள் வயதில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் விலகுவார்கள் என்கிறார் கணவர். இருக்கலாம்.

7

இந்த வருடம் இங்கே அறுவடை ஆராதனை முடிந்த அன்றே டேனியலை அழைத்தேன். அவர்கள் சபை ஏலத்தன்று வீடியோ அழைப்பில் வருகிறேன், சலோமி அக்காவின் கூடை மேசைக்கு வரும்போது கைப்பேசியை மைக் பக்கத்தில் பிடி, நான் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்றேன்.

"பைப்பப் பத்தியா?"

"ஆமா."

"பைப்புன்னு சொல்லு. அபார்ட்மென்டுன்னு சொல்லாத."

"எந்தப் பைப்புன்னு கேட்டா?"

பின்னால் அவன் வீட்டு மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. "சரி, சொல்லித் தொலை. செகரட்டரி வேலைய வேற எவனாவது பாக்கட்டும்" என்றான்.

ஏலத்தன்று இங்கே காலை நேரம். நான் பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். மிரியம் கோப்பையோடு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் கூப்பிடவில்லை. திரையில் பந்தல் ஆடியது. ஞானையா சார் ஒரு வாழைத்தாரைக் காட்டி, "எண்ணிப் பாத்துக்குங்க, வீட்டுக்குப் போற வழியில கொறைஞ்சா சபை பொறுப்பில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கீரைக்காகக் காத்திருந்தேன்.

சலோமி அக்கா வந்தார். நல்ல சேலை. கையில் கூடை இல்லை. பிளாஸ்டிக் தாள் சுற்றிய ஒரு தட்டு, அதில் ஆப்பிள்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டிக்கர்.

"என்ன சலோமி, நீயும் பில் கட்சியில சேந்துட்டியா?" என்றார் ஞானையா சார். பந்தலே சிரித்தது. சலோமி அக்காவும் சிரித்தார்.

"கொல்ல எங்க சார் கீது, வெட்டிகினு வர்றதுக்கு?"

டேனியல் கைப்பேசியைத் தன் வாயருகே கொண்டுவந்தான். இடத்துக்காரர் கோடையில் கொல்லையை விற்றுவிட்டார், கல் நட்டு போர்டு வைத்தாகிவிட்டது. சலோமி அக்கா இப்போது மேடவாக்கம் பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இருக்கிறார், லாரியில் வரும் கீரையை ஆய்ந்து டப்பாவில் போடும் வேலை.

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணுவ? உன்னால மட்டும் இல்லக்கா. அவரு எப்படியும் வித்திருப்பாரு. வாசல்ல வியாபாரம் நின்னதும் சீக்கிரமா முடிஞ்சுது, அவ்ளோதான்." பிறகு, "சர்ச்சுல எல்லாரும் அந்த டப்பாக் கீரையத்தான் வாங்குறாங்க" என்றான்.

"அது எங்க வளர்றது?" என்று மிரியம் கேட்டாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி.

"யாருக்குத் தெரியும் பாப்பா."

ஆப்பிள் தட்டு மளமளவென்று ஏலம் போய்விட்டது. கேட்டு வாங்கியவர் அந்த முன்வரிசை ஆன்ட்டி. எந்தத் தோட்டம், என்ன தண்ணீர் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. என் தாளில் இருந்ததெல்லாம் கீரையைப் பற்றி. "அக்காகிட்ட குடு" என்றேன் டேனியலிடம். சலோமி அக்காவின் முகம் திரை முழுக்க வந்தது.

"இன்னாம்மா டாக்டரு. நல்லா கீறியா? பாப்பா எங்க?"

"அக்கா, அன்னிக்கி உங்க கீரைய நான் டெஸ்ட் பண்ணாம சொன்னேன். அந்தக் கால்வாயில வர்றது எங்க தம்பி வீட்டுத் தண்ணி. அவங்க பிளாட்டுத் தண்ணி."

"தெர்யும். குழாய் போட்டப்ப நான் பாத்துகினுதான இருந்தேன்." அவர் முகத்தில் கோபம் இல்லை. அலுப்பு இருந்தது. "எங்கிட்ட சொல்லி இன்னாவுது இப்ப? அவங்களாண்ட சொல்லு."

திரை சுழன்றது. பந்தல், தூண், மேசை, பிறகு வரிசை வரிசையாக முகங்கள். ஒலிபெருக்கியின் இரைச்சல் கேட்டது. நான் தாளைப் பார்க்காமல் சொன்னேன். சோதிக்காமல் சொன்னதைச் சொன்னேன். குழாயைச் சொன்னேன். எந்தக் கட்டிடம் என்பதைச் சொன்னேன். நீங்கள் விலகிப் போனது உங்கள் தண்ணீரிலிருந்துதான் என்று முடித்தேன். இது தாளில் இல்லை. முன்வரிசை ஆன்ட்டி ஆப்பிள் தட்டை மடியில் சரிசெய்துகொண்டார்.

ஞானையா சார் தொண்டையைச் செருமினார். "சரிம்மா. கேட்டுக்கிட்டோம்." சற்றுப் பொறுத்து, "அடுத்து சேவல்" என்றார்.

சென்ற வாரம் டேனியலிடமிருந்து செய்தி வந்தது. சங்கக் கூட்டம் போட்டார்களாம். குழாயை எடுத்துவிட்டு லாரிக்கே திரும்பலாம் என்று அவன் சொல்லிப் பார்த்திருக்கிறான். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது அங்கே கீரையே இல்லை, அப்புறம் என்ன கெடுதல் என்று கேட்டார்களாம். செயலாளர் பதவிக்கு வேறு ஆள் வந்துவிட்டார். குழாய் அப்படியே இருக்கிறது.

செய்தியை மிரியத்துக்கு வாசித்துக் காட்டினேன்.

"அப்போ கீரை செத்துப்போச்சு" என்றாள்.

நான் திருத்தவில்லை.